உணவுக்கு ஒரு திர்ஹம், கோடரிக்கு ஒரு திர்ஹம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுன் மதீனத்து அன்சாரி ஒருவர் இரந்து நின்ற வரலாற்றை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். உழைப்பின் உயர்வைப் பேச வருகின்ற எவரும் அதனைச் சொல்லாமல் விடுவதில்லை. வீட்டில் ஏதேனும் உண்டா என்று நாயகம் அவர்கள் வினவினார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்ளும் முரட்டுத் துணி ஒன்றும், நீர் அருந்தும் கிண்ணம் ஒன்றும் உண்டென்றார் அவர். இரண்டையும் கொணரச் செய்து, தாமே ஏலங்கூறி, இரண்டு திர்ஹங்களுக்கு விற்றுக் கொடுத்தார்கள். கோடரி வாங்கி வந்ததும் தம் திருக்கரத்தால் அதற்குக் காம்பு பொருத்தித் தந்து, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாட்களுக்குத் தம் கண்ணில் படலாகாதென்றும் பணித்தார்கள். அவர் பத்துத் திர்ஹங்கள் ஈட்டித் திரும்பினார். அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி இது.

இதில் நாம் விரைந்து கடந்து போய்விடுகின்ற ஓரிடம் உண்டு. இரண்டு திர்ஹங்களில் ஒன்றுதான் கோடரிக்கு. மற்றதற்கு உணவு வாங்கி வீட்டாரிடம் சேர்க்குமாறு நாயகம் அவர்கள் முதலில் சொன்னார்கள். கோடரியைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே வருகின்றது. பதினைந்து நாட்கள் காட்டில் நிற்கப் போகின்றவரின் மனம் பசித்த பிள்ளைகளிடமே கிடக்குமானால், கோடரி எப்படி உயரும்? கோடரியின் பெருமையை மட்டும் பேசிவிட்டு உணவுக்குரிய திர்ஹத்தை மறந்துபோனோம் என்றே எண்ணத் தோன்றுகின்றது.

குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச வருவாயொன்றை உறுதி செய்தல் வேண்டும் என்னும் கருத்து இன்று உலகெங்கும் வாதிக்கப்படுகின்றது. நம் நாட்டிலும் 2016-17ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை இதற்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கி, ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய் என்று கணக்கும் காட்டிற்று. உடனே எழுந்த மறுப்பு யாது? சும்மா கொடுத்தால் மனிதன் சோம்பேறியாவான் என்பதே. நம் வீட்டுத் திண்ணைகளிலும் இதே பேச்சுத்தான். மார்க்கப்பற்றுடைய பெரியவர்களே அந்த அன்சாரியின் கோடரியைச் சான்று காட்டி இவ்வாறு பேசக் கேட்கின்றோம்.

அவர்களுக்குக் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியை நினைவூட்ட விரும்புகின்றோம். ‘தீவான்’ என்னும் பதிவேட்டை அவர்கள் ஏற்படுத்தினார்கள். ஹிஜ்ரி 15இல் என்பாரும் 20இல் என்பாரும் உளர். பெயர்கள் எழுதப்பெற்று, அவரவர்க்குரிய மானியம் பைத்துல்மாலிலிருந்து வழங்கப்பட்டது. ஒருவருக்கு எவ்வளவு தானியம் போதும் என்பதையும் அவர்கள் ஊகத்துக்கு விடவில்லை. ஒரு ஜரீப் அளவு தானியத்தை மாவாக்கி, ரொட்டி சுட்டு, முப்பது பேரை அழைத்துப் பகலுணவு படைத்தார்கள். இரவுணவுக்கும் அவ்வாறே செய்து பார்த்தார்கள். திங்களொன்றுக்கு ஒருவருக்கு இரண்டு ஜரீப் போதும் என்று அதன்பின் முடிவு செய்து, ஆண், பெண், அடிமை என்ற வேற்றுமையின்றி அதனை அளித்தார்கள். பசியை அளந்து பார்த்த ஆட்சியாளர் அவர்கள்!

பால்குடிக் குழந்தையின் செய்தி இதனினும் உருக்கமானது. மதீனாவின் எல்லையில் வணிகக் கூட்டமொன்று இறங்கியிருந்தது. அன்றிரவு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுடன் தாமே காவல் நின்ற கலீஃபா, ஒரு குழந்தை ஓயாது அழுவதைக் கேட்டு அதன் தாயிடம் மீண்டும் மீண்டும் சென்று வினவினார்கள். வந்திருப்பவர் யார் என்றறியாத அப்பெண், பால் மறந்த பிள்ளைகளுக்கே உமர் மானியம் தருகின்றார், ஆகவே காலத்துக்கு முன்பே பால்மறக்கச் செய்கின்றேன் என்றாள். அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில் கலீஃபாவின் அழுகையினூடே அவர்கள் ஓதியது பின்நின்றோர்க்கு விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும், பிறந்த நாள் தொட்டே ஒவ்வொரு குழந்தைக்கும் மானியமுண்டென்று பறைசாற்றச் செய்து, மாகாணங்களுக்கும் ஆணை எழுதினார்கள்.

நிபந்தனை விதிக்கும் உதவி எப்படித் தீங்காய் முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? பால் மறந்திருக்க வேண்டும் என்றொரு சிறு விதி. அதனால் பச்சிளங் குழந்தைகள் பாலிழந்தன. உமர் (ரலி) அவர்கள் அத்தாயைக் கடிந்துகொள்ளவில்லை. தாம் வகுத்த விதியையே கடிந்துகொண்டார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுதல் நன்று. அந்நாளைய மானியம் எல்லோருக்கும் ஒரே அளவினதாக இருந்ததில்லை. பத்ருப் போரில் நின்றவர்க்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம். பிறந்த குழந்தைக்கு 100. வாழ்க்கைச் செலவில் சமமே நன்று, சிறப்புக்குரிய கூலி இறைவனிடம் உண்டு என்பது முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களின் கருத்தாக இருந்தது. அக்கருத்தே நமக்கு உவப்பானது. பணம் வந்த வழியையும் நோக்குதல் வேண்டும். ஈராக்கின் செழித்த விளைநிலங்களைப் படைவீரர்க்குப் பங்கிட்டுத் தருமாறு பலர் வற்புறுத்தியபோது, பின்வரும் தலைமுறையினர்க்கு என்ன மிஞ்சும் என்று கேட்டு மறுத்தார்கள் உமர் (ரலி) அவர்கள். நிலம் உழுதவர் கையிலேயே நின்றது; அதன் வரி பைத்துல்மாலுக்கு வந்தது. செல்வம் செல்வர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருத்தலாகாது என்னும் இறைமறையின் ஹஷ்ர் அத்தியாயக் கருத்தே அங்கு சட்டமாயிற்று.

சோம்பல் என்னும் அச்சத்துக்கு நம் காலத்திலும் விடை கிடைத்திருக்கின்றது. 2011ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் எட்டுக் கிராமங்களில், சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கம் யுனிசெஃப் துணையுடன் ஒரு சோதனை நடத்திற்று. பெரியவர்க்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய், எந்த நிபந்தனையும் இல்லை. ஓராண்டுக்குப் பின் அது 300ஆகவும் 150ஆகவும் உயர்ந்தது. மக்கள் வேலையை விட்டுவிடவில்லை. குழந்தைகளின் எடை தேறிற்று. கூலிக்குச் சென்றவர்கள் பலர் தம் சொந்த நிலத்திலும் தொழிலிலும் கூடுதலாக உழைத்தனர். மதீனத்து அன்சாரியின் கதையைத்தான் அக்கிராமங்கள் மீண்டும் சொல்லின.

தமிழக அரசு 2023 செப்டம்பர் 15இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது அதற்கு ‘உரிமைத் தொகை’ என்றே பெயரிட்டது. உங்கள் இல்லத்துப் பெண்களிலும் பலர் அதனைப் பெற்றிருப்பர். உரிமை என்னும் சொல் நமக்குப் புதிதன்று. கேட்போர்க்கும் கேட்கவியலாது வறியோர்க்கும் பொருளுடையோரின் செல்வத்தில் உள்ள பங்கினைத் திருக்குர்ஆன் ‘ஹக்’ என்றே, அதாவது உரிமை என்றே குறிக்கின்றது. தொகையை அரசு தந்தாலென்ன, தனவந்தர் தந்தாலென்ன, வாங்குபவர் தலைகுனிய வேண்டுவதில்லை.

ஆனால் ரமழானில் நம் தெருக்களில் காண்பது என்ன? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விதவைப் பெண்கள் வாசல் வாசலாக நிற்கின்றனர். கையில் நோட்டுகள் சில விழுகின்றன. பெருநாள் கழிந்தால் பதினொரு மாதம் யாரும் அவர்களை நினைப்பதில்லை. இதுவா ஜகாத்? கொடுத்தால் தேவை தீருமளவு கொடுக்க வேண்டும் என்பது உமர் (ரலி) அவர்களின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்களோ, தொழில் தெரிந்தவர்க்கு அதற்குரிய கருவியையும், வணிகர்க்கு முதலையும், எத்தொழிலும் இயலாதவர்க்கு வாழ்நாளுக்குப் போதிய ஏற்பாட்டையும் செய்து தருமாறு எழுதியிருக்கின்றார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் மஹல்லாவில் நான்கு இலட்சம் ரூபாய் சேமிப்புடைய வீடுகள் பத்து இருப்பதாகக் கொள்வோம். வீட்டுக்குப் பத்தாயிரமாக ஓர் இலட்சம் ரூபாய் ஜகாத் சேரும். இரண்டு விதவைகளுக்கு மாதம் 3,500 ரூபாய் வீதம் ஓராண்டு முழுதும் தந்தால் 84,000. மீதமுள்ள 16,000 ரூபாயில் அவ்விருவருக்கும் தையல் இயந்திரம் வாங்கித் தரலாம். உணவுக்கான திர்ஹமும் கோடரிக்கான திர்ஹமும் ஒருங்கே சென்று சேரும்.

மாதந்தோறும் கொடுப்பதால் கடமை தள்ளிப் போகுமே என்று ஐயுறுவோர் உண்டு. தள்ளிப் போடவே வேண்டாம். காலம் வருமுன்னரே செலுத்த அப்பாஸ் (ரலி) அவர்கள் அனுமதி வேண்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள் இசைவளித்தார்கள். ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் இரண்டும் அதனை ஏற்கின்றன. அடுத்த ரமழானுக்குரியதை இந்த மாதம் முதலே சிறுகச் சிறுகச் செலுத்தி வரலாம். முத்தவல்லிகளும் ஜமாஅத்தாரும் செய்ய வேண்டுவது, ஜும்ஆவுக்குப் பின் ஒரு பதிவேட்டைத் திறந்து, தம் மஹல்லாவில் அடுப்பெரியாத வீடுகள் எவை என்று, அவர்கள் வந்து கேட்குமுன்பே எழுதுவதுதான்.