தோள்மூட்டுக்குள் ஒளிந்திருக்கும் கிருமி

தோள்மூட்டில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் ஓராண்டோ ஈராண்டோ கழித்து, வலி தணியவில்லை, மூட்டு இறுகுகிறது என்று முறையிட்டால், அவருக்குக் கிடைக்கும் பதில் நமக்குப் பழகியதே: “இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது. வயதுதான் காரணம். பயிற்சி செய்யுங்கள்.” இந்தப் பதிலைத்தான் நான் கண்டிக்கிறேன்.

காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, சி.ஆர்.பி. அளவு உயரவில்லை, ஆகவே தொற்று இல்லை என்கிறார்கள். தோளைப் பொறுத்தவரை இந்தத் தருக்கம் ஓட்டைப் பானை. தோளிலும் அக்குளிலும், மயிர்க்கால்களை ஒட்டிய நெய்ச்சுரப்பிகளின் ஆழத்தில் ‘கியூட்டிபக்டீரியம் அக்னெஸ்’ என்ற பற்றீரியா குடியிருக்கிறது. முகப்பருவோடு தொடர்புடைய அதே கிருமிதான். 2016இல் பெயர் மாற்றப்படும்வரை ‘புரோப்பியோனிபக்டீரியம்’ எனப்பட்டது. தோலின் மேற்பரப்பில் பூசும் கிருமிநீக்கி அந்த ஆழத்தைச் சரிவர எட்டுவதில்லை. கத்தி அச்சுரப்பிகளை அறுத்துச் செல்கையில் கிருமி காயத்துள் இறங்குகிறது. உலோகத்தின் மீது மெல்லிய படலமாகப் படிந்து, ஆரவாரமின்றி வளர்கிறது. குருதி அதைக் காட்டிக்கொடுக்காமலே விடலாம். செயற்கை மூட்டைச் சுற்றியுள்ள என்பு கரைந்து, பொருத்திய பாகம் ஆட்டங்காணும்போதுதான் பலருடைய முறைப்பாடு காதில் விழுகிறது. அப்போது மறு சத்திரசிகிச்சை, பொருத்தியதைக் கழற்றுதல், நீண்டகால நுண்ணுயிர்க்கொல்லி. வயது என்று கூறியவர் அந்த வலியைச் சுமக்கப்போவதில்லை.

ஆய்வுகூடத்தின் பங்கும் சிறிதன்று. ஒட்சிசனை விரும்பாத, மிக மெதுவாக வளரும் இக்கிருமிக்காக வளர்ப்பூடகத்தை ஏறத்தாழ 14 நாட்கள் வைத்திருக்கவேண்டும். ஐந்தாம் நாளே அதை வீசிவிட்டு ‘கிருமி வளரவில்லை’ என்று எழுதுவது பரிசோதனையா, சடங்கா? போதாக்குறைக்கு, மாதிரி எடுக்குமுன்னரே நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்து, இருந்த தடயத்தையும் அழித்துவிடுகிறார்கள்.

ஒரேயொரு மாதிரியில் இக்கிருமி வளர்ந்தால் அது தோலிலிருந்து கலந்த மாசாகவும் இருக்கலாம் என்பது நியாயமான மறுப்பே. அதற்காகத்தான் மூட்டின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்து மாதிரிகளாவது எடுக்கச் சொல்கிறார்கள். முகப்பருவுக்குப் பூசும் பென்சோயில் பெரொக்சைட்டைச் சத்திரசிகிச்சைக்கு முந்திய நாட்களில் தோளில் பூசினால் இக்கிருமியின் தொகை குறைகிறது என்பதும் தெரிந்ததே. மருந்தகத்தில் மலிவாகக் கிடைக்கும் களிம்பு அது.

வளர்ப்பூடகம் எத்தனை நாள் வைக்கப்பட்டது? எத்தனை மாதிரிகள் எடுக்கப்பட்டன? நோயாளி இவ்விரண்டையும் கேட்கட்டும். விடையை அவருடைய கிளினிக் கொப்பியிலேயே எழுதிக் கொடுக்கட்டும்.