வன்னி வீட்டுத் திட்டங்களும் மறக்கப்பட்ட அடுப்பும்

வன்னியில் எத்தனை வீடுகள் கட்டப்பட்டன, எத்தனை குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன, ஒரு வீட்டுக்கு எவ்வளவு பணம் வழங்கப்பட்டது என்பவை குறித்துப் பத்திரிகைகள் நிறையவே எழுதியிருக்கின்றன. நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் கட்டி முடிந்த வீட்டின் அடுப்பு ஒழுங்காக எரிகிறதா என்ற கேள்வியை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டக் கிராமங்களில் மாரிகாலத்தில் கேட்கப்படவேண்டிய முதற்கேள்வி அதுவே என்பது என் கருத்து.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு இது சிறிய விடயமாகத் தோன்றலாம். டொரன்டோவில் பனிக்காலத்தில் வீட்டுச் சூடேற்றி நின்றுவிட்டால் அன்றைக்கே திருத்துநரை அழைக்கிறீர்கள். வாடகை வீடாயின், ஒக்ரோபர் 1 முதல் மே 15 வரை உள்ளே குறைந்தது 21 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்குமாறு உரிமையாளர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அம்மாநகரின் சட்டம். வன்னியில் குளிருக்காக எவரும் வீட்டைச் சூடாக்குவதில்லை. அங்கே வீட்டில் உள்ள ஒரே நெருப்பு குசினி அடுப்புதான். அது பழுதானால் யாரை அழைப்பது? அதற்கு யார் பொறுப்பு? சட்டமும் இல்லை, ஆளும் இல்லை.

வன்னி உலர் வலயத்தைச் சேர்ந்தது. ஆயினும் ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியோடு ஒக்ரோபர் தொடக்கம் ஜனவரி வரையான மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. சித்திரையில் சடசடவென்று எரிந்த அதே அடுப்பு கார்த்திகையில் புகைந்துகொண்டே இருக்கும். இதன் காரணம் எளிமையானது. காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே நீர். பச்சை விறகில் பாதி எடை நீராகவே இருக்கக்கூடும். அந்த நீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் பலம் செலவாகிறது. ஒரே எடையுள்ள பச்சை விறகு, காய்ந்த விறகு தரும் சூட்டில் பாதியளவைத்தான் தரும். நெருப்பின் வெப்பநிலை தாழ்ந்துவிடுவதால் விறகிலிருந்து எழும் வாயுக்கள் முழுமையாக எரியாமல் புகையாக வெளியேறுகின்றன. விறகும் கூடுதலாகச் செலவாகிறது, புகையும் பெருகுகிறது.

அடுப்பும் ஈரத்தால் கெடுகிறது. தரையோடு அமைந்த மண் அடுப்பு நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நனைவதும் சூட்டில் காய்வதுமாக மாறி மாறி நடக்கும்போது வெடிப்பு விழுகிறது. வெடிப்பினூடாகச் சூடு வெளியேறும். சுவாலை பானையின் அடியைச் சேராது. வெடிப்பைச் சீமெந்தால் பூசி மறைத்திருப்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். சாதாரண சீமெந்துப் பூச்சு அடுப்புச் சூட்டைத் தாங்காது. சில வாரங்களில் பெயர்ந்து விழும். நமது மூத்த பெண்கள் கையாண்ட முறையே இதற்குச் சரியானது. புற்றுமண்ணை இடித்துச் சலித்து, உமியும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்துப் பிசைந்து, வெடிப்பை நனைத்தபின் அழுத்தி அப்பி, நிழலில் ஆறவிட்டு, சாணத்தால் மெழுகுவார்கள். இதை ஆவணி, புரட்டாதியில், மழைக்கு முன்பாகவே செய்துவிடுவார்கள். அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகைப் புகையில் உலர்த்துவார்கள். ஊமல், பன்னாடை, கங்குமட்டை, பொச்சு, சிரட்டை என்று பற்றவைப்பதற்கு வேண்டியதை வெயில் காலத்திலேயே சேர்த்துவைப்பார்கள். இடம்பெயர்வுகளில் அழிந்தவை வீடுகள் மட்டுமல்ல. இந்தப் பழக்கங்களும் பெருமளவு அறுந்துபோயின. மூன்று கல்லை வைத்துத் தறப்பாளுக்குள் சமைத்து வளர்ந்த ஒரு தலைமுறை, அடுப்புப் போடும் வித்தையை எங்கே கற்றிருக்கும்?

இனி வீட்டுத் திட்டங்களுக்கு வருவோம். 2010ஆம் ஆண்டு இந்திய அரசு 50,000 வீடுகளை அறிவித்தது. வடக்கிலும் கிழக்கிலும் உரிமையாளரே கட்டிக்கொள்ளும் முறையில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. 550 சதுர அடிக்குள் சமையலறையும் அடங்கியிருந்தது. ஆனால் நான் சென்ற கிராமங்களில் அச்சமையலறைகளில் நெல் மூட்டையும் துவிச்சக்கர வண்டியும் இருந்தன. சமையலோ பின்புறத்தில், தகரமோ கிடுகோ வேய்ந்த கொட்டிலில் நடந்தது. புகைக்கூடு இருந்த வீடுகளிலும் அது முகட்டுக்குக் கீழேயே நின்றது. காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளியது. மேல்மூடி இல்லாத புகைக்கூட்டின் வழியே மழைநீர் கரியோடு அடுப்பில் இறங்கியது. விறகு வைக்க ஓர் இறக்கு எந்த வரைபடத்திலும் இருந்ததாக நான் காணவில்லை. 2016இல் 65,000 உருக்கு வீடுகள் பற்றிய திட்டம் வந்தபோது வெப்பமும் காற்றோட்டமும் பற்றி வாதங்கள் எழுந்தன. அவ்வாதங்களிலும் அடுப்பு பின்வரிசையிலேயே இருந்தது.

‘விறகடுப்பைத் திருத்துவதா? எல்லோருக்கும் எரிவாயு கொடுத்துவிட்டால் போயிற்று’ என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. அந்த விருப்பத்தில் தவறில்லை. ஆனால் 2021 நவம்பரில் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் நாடெங்கும் பீதியை உண்டாக்கியதையும், 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றின் விலை கொழும்பில் 4,860 ரூபாவாக உயர்ந்ததையும், அந்த விலைக்கும் அது கிடைக்காமல் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும் நாம் மறந்துவிடக் கூடாது. அப்போது தலைநகரவாசிகளே விறகு தேடினார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்ட வீடுகள் விறகில்தான் சமைத்தன. நாட்கூலியில் வாழும் குடும்பம் சிலிண்டருக்கான முழுப்பணத்தையும் ஒரே நாளில் எடுத்துவைப்பது கடினம். எரிவாயு வரட்டும்; அது வரும்வரை அந்தப் பெண்கள் புகையைக் குடித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

வீடுகளுக்குள் எழும் புகையால் 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்படியில் அதிக நேரம் இருப்பவர்கள் பெண்களும் அவர்களது மடியிலுள்ள குழந்தைகளுமே. போரில் துணையை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் மிகுந்த மண்ணில், மாரியில் கூடுதல் விறகு வேண்டும் என்பதன் பொருள் அவர்கள் மேலும் ஒருமுறை காட்டுக்குப் போகவேண்டும் என்பதே. அங்கே யானை உண்டு. வனத்திணைக்களத்தின் எல்லைக்கல் உண்டு. கண்ணிவெடி அகற்றி முடியாத நிலமும் உண்டு.

வேண்டப்படுவது பெருஞ்செலவு அன்று. முதலாவது, இனிக் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டின் வரைபடத்திலும் தரையிலிருந்து உயர்த்திய அடுப்புத் திட்டு, முகட்டுக்கு மேலே மூடியோடு எழும் புகைக்கூடு, மழை படாத விறகு இறக்கு ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். இவை இல்லாமல் வீடு நிறைவுற்றதாகக் கணக்கெழுதக் கூடாது. இரண்டாவது, 1980களில் இலங்கையிலேயே உருவாக்கப்பட்ட ‘அனகி’ என்னும் இருபானை மண் அடுப்பை வன்னிக் கிராமங்களில் பரவலாக்கலாம். அதைச் சுற்றி மண் அணைத்துப் பூசினால் அதன் ஆயுளும் நீளும். மூன்றாவது, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஒவ்வொன்றிலும் இருவரையேனும் அடுப்புப் போடவும் திருத்தவும் பயிற்றி, அதற்குக் கூலியும் கொடுக்கவேண்டும். புரட்டாதிக்கு முன் அவர்கள் வீடு வீடாகச் செல்லட்டும்.

ஊருக்குப் பணம் அனுப்பும் உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள். கோயில் மண்டபத்துக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் அனுப்புவதை நான் குறைசொல்லவில்லை. அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, மழைக்கு அடுப்பு எரிகிறதா, விறகு நனையாமல் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், ஒரு புகைக்கூட்டுக்கும் ஒரு விறகு இறக்குக்கும் ஆகும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.