ஓடும்போது பார்க்கிற ஆயில் அளவு

1964 முதல் 1998 வரை வந்த போர்ஷே 911 கார்களில் ரேடியேட்டர் கிடையாது. பின்பக்கம் எதிரெதிராகப் படுத்திருக்கும் ஆறு சிலிண்டர்கள் மீது ஒரு பெரிய விசிறி காற்றை அடிக்கும். காற்றுக்கு எட்டாத சூட்டை எல்லாம் ஆயில்தான் சுமக்கும். சாதாரணக் காருக்கு மூன்று, நான்கு லிட்டர் போதும். 911 எஸ்சி போன்ற மாடல்களில் மொத்தம் 13 லிட்டர் அளவுக்கு ஓடுகிறது. ஆயில் மாற்றும் வேலையில் பாதி சிக்கலுக்கு இதுவே காரணம்.

மீதிப் பாதி, அந்த ஆயில் இருக்கும் இடம். மற்ற கார்களில் இன்ஜினுக்கு அடியில் உள்ள சம்ப்பிலேயே ஆயில் தேங்கி நிற்கும். 911இல் வலது பின்சக்கரத்தை ஒட்டித் தனியாக ஒரு டாங்க் உண்டு. ஒரு பம்ப் இன்ஜின் அடியில் வடிகிற ஆயிலை உறிஞ்சி அந்த டாங்குக்கு அனுப்பும்; இன்னொன்று டாங்கிலிருந்து எடுத்து பேரிங்குகளுக்குத் தள்ளும். வளைவுகளில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுத்துவிடக் கூடாது என்பதற்காகப் பந்தயக் கார்களிலிருந்து எடுத்த ஏற்பாடு இது.

வேலையைத் தொடங்கும் முன் காரைக் கொஞ்ச தூரம் ஓட்டி வர வேண்டும். சூடான ஆயில் தண்ணீராக இறங்கும், அழுக்கையும் சேர்த்துக் கொண்டு வரும். காரை மேலே தூக்கினாலும் சாயாமல் சமமாக நிறுத்துவது நல்லது. டிரெயின் பிளக் இரண்டு: இன்ஜினுக்கு அடியில் ஒன்று, டாங்குக்கு அடியில் ஒன்று. முதல் முறை செய்பவர்கள் ஒன்றைக் கழற்றிவிட்டு, வந்தது இவ்வளவுதானா என்று விழிப்பார்கள். டாங்கிலிருந்து வருவதுதான் பெரும்பங்கு. சின்னத் தட்டு வைத்தால் நிரம்பி வழியும். 15 லிட்டர் பிடிக்கும் அகலமான பாத்திரம் வேண்டும். கையில் உறை இல்லாமல் பிளக்கைத் தொடவே கூடாது.

ஆயில் வடியும் நேரத்தில் பிளக்கைத் துடைத்துப் பார்க்கலாம். அதன் நுனியில் காந்தம் இருந்தால், சாம்பல் நிறத்தில் மை போல மெல்லிய படிவு ஒட்டியிருக்கும். அது வயதுக்கு உரியது. விரலில் நெருடும் இரும்புத் துணுக்கு என்றால் அப்படி விட முடியாது. பழைய மாடல்களில் இன்ஜின் அடியில் ஒரு தட்டும் கம்பிவலை வடிகட்டியும் உண்டு. அதைக் கழற்றிப் பார்க்கும்போது பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தால், டைமிங் செயின் உரசி ஓடும் வழிகாட்டிகள் தேய்ந்து உடைகின்றன என்று பொருள். ஆயில் மாற்றுவதில் கிடைக்கும் பெரிய லாபம் புது ஆயில் அல்ல, இந்தச் செய்திதான். பழைய ஃபில்டரையும் வெட்டி, மடிப்புகளை விரித்துப் பார்க்கிற மெக்கானிக்கை நம்பிக் காரைக் கொடுக்கலாம்.

ஃபில்டர் இன்ஜின் அறையின் வலது பக்கம், டாங்கோடு சேர்ந்து இருக்கிறது. கழற்றும்போது ஆயில் சிந்தாமல் இருக்காது. அடியில் துணி திணித்துக் கொள்ள வேண்டும். காருக்குள் வரும் ஹீட்டர் காற்று எக்ஸாஸ்ட் குழாய்களைச் சுற்றித்தான் சூடாகிறது. அந்தக் குழாய்கள் மேல் விழுந்த ஆயில் பிறகு உள்ளே உட்கார்ந்திருப்பவர் மூக்கில் ஏறும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதன் இருக்கையிலேயே ஒட்டிக் கொண்டு நிற்கிறதா என்று பார்க்காமல் புதியதை மாட்டினால், இரண்டு வளையம் சேர்ந்து ஆயில் பீறிடும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவிக் கையால் இறுக்கினால் போதும். டிரெயின் பிளக்குகளுக்குப் புது வாஷர் போட வேண்டும். 1968 முதல் 1977 வரையிலான பெரும்பாலான 911களின் இன்ஜின் உடல் மெக்னீசியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

20W-50 இந்த இன்ஜின்களுக்குப் பழகிய தரம். புதிய கார்களின் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக இன்றைய பல ஆயில்களில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்க்கையைக் குறைத்திருக்கிறார்கள். கேம் ஷாஃப்டும் ராக்கரும் உரசி ஓடும் பழைய இன்ஜினுக்கு அந்தச் சேர்க்கை தேவை. டப்பாவில் பழைய கார்களுக்கானது என்று போட்டிருப்பதை வாங்குவதே பாதுகாப்பு.

கைப்புத்தகத்தில் 13 லிட்டர் என்று இருப்பதைப் பார்த்து அத்தனையும் ஊற்றுவதுதான் இந்தக் காருக்கு நடக்கும் பெரிய கெடுதல். ஆயிலைக் குளிர்விக்க முன்பக்கம் உள்ள கூலரிலும் அதற்குப் போகும் நீண்ட குழாய்களிலும் நிற்கும் ஆயில் வடிவதில்லை. ஆகவே முதலில் எட்டு அல்லது ஒன்பது லிட்டர் ஊற்றி, இன்ஜினை ஓட விட்டு, பிரஷர் கேஜ் முள் எழும்வரை ஆக்சிலேட்டரைத் தொடாமல் இருக்க வேண்டும். நன்றாகச் சூடேறி, கூலருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறந்த பிறகு, சமதளத்தில், இன்ஜின் ஐடிலிங்கில் ஓடிக் கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். நிறுத்திப் பார்த்தால் ஆயில் டாங்கிலிருந்து இன்ஜினுக்குள் கசிந்து இறங்கியிருக்கும். நாள் கணக்கில் நின்ற காரில் குச்சி காய்ந்தே வரும். பதறிப் போய் இரண்டு லிட்டர் ஊற்றினால், அடுத்த முறை சூடானதும் மிகுதி ஆயில் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குள் ஏறி, பின்னால் புகை மண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றால் போதும், மேல் கோட்டைத் துரத்த வேண்டியதில்லை.

ஆயில் ஊற்றும் விஷயத்தில் போர்ஷேயே ஒரு முறை சறுக்கியிருக்கிறது. 1972 மாடலில் எடை சமநிலைக்காக டாங்கைப் பின்சக்கரத்துக்கு முன்னால் கொண்டு வந்து, வலது கதவுக்குப் பின்னால் வெளியில் ஒரு மூடி வைத்தார்கள். பெட்ரோல் பங்க் ஊழியர்கள் அதைப் பெட்ரோல் மூடி என்று நினைத்து ஆயில் டாங்கில் பெட்ரோலை ஊற்றினார்கள். அடுத்த ஆண்டே டாங்க் பழைய இடத்துக்குப் போய்விட்டது. அந்த மூடி உள்ள கார்களுக்கு இன்று சேகரிப்பாளர்களிடம் தனி மவுசு.

ஓடாமல் ஷெட்டில் நிற்கிற காருக்கும் வருடத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும். ஈரமும் அமிலமும் நின்ற ஆயிலில்தான் சேரும். மாற்றி இரண்டு நாள் கழித்து, இரண்டு பிளக்குகளையும் ஃபில்டர் வாயையும் விரலால் தடவிக் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, பழைய ஆயிலை மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடலாம்.