கழிவு அவர்களுக்கு, பூட்டு எங்களுக்கா?

எமது மாத்தளை மிளகு வியாபாரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூட்டையை அவிழ்க்காமல் விலை பேச மாட்டார்கள். அவிழ்த்த பிறகும் மேலே கிடப்பதை நம்பாமல், முழங்கை வரை கையை விட்டு அடியில் இருப்பதை அள்ளிப் பார்ப்பார்கள். உள்ளங்கையில் உருட்டி ஈரம் பார்ப்பார்கள். ஊதிப் பார்த்துப் பதர் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். கிலோவுக்கு ஐம்பது ரூபா கூடிக் குறைவதற்காக அரை மணித்தியாலம் நிற்பார்கள்.

அதே வியாபாரி ஒரு இலட்சம் ரூபாவை மடியில் கட்டிக்கொண்டு போன் கடைக்கு வந்தால் மூன்றே மூன்று கேள்விதான் கேட்கிறார். "என்ன மாடல்? எத்தனை ஜீபி? கடைசி விலை என்ன?" அத்தோடு முடிந்தது. அது எந்த நாட்டுக்கென்று செய்த போன், எந்தக் கம்பனியின் பூட்டு அதில் இருக்கின்றது, எங்கள் நாட்டில் பதிவானதா என்று எவரும் கேட்பதில்லை. கேட்காதபடியால் விற்பவரும் சொல்வதில்லை. இந்த மௌனத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கின்றது. ஏனென்றால் இந்த மௌனத்தில் நானும் ஒரு காலம் இருந்தேன்.

நான் பட்ட பாடு

2019 ஆம் ஆண்டு எனது கடையின் ஒரு பக்கத்தை மகனுக்கு ஒதுக்கி, போனும் அதன் உதிரிப் பொருட்களும் வைத்தோம். கொழும்பில் ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து ஜப்பானிலிருந்து வந்த பாவித்த ஐபோன் 7 ஆறு எடுத்தோம். மற்றவர்களின் விலையை விட ஒவ்வொன்றிலும் பதினோராயிரம் ரூபா குறைவு. ஏன் குறைவு என்று கேட்டதற்கு, "சிப் போட்டிருக்கிறது ஹாஜியார், பிரச்சினை வராது" என்றார். சிப் என்றால் என்னவென்று நான் தோண்டிக் கேட்கவில்லை. குறைந்த விலை என் வாயை அடைத்துவிட்டது.

அதில் ஒன்றை இரத்தோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வாங்கினார். வீடு வீடாகச் சென்று மிளகு, கராம்பு, சாதிக்காய் சேகரித்துக் கொழும்புக்கு அனுப்புகிறவர். இரண்டு மாதம் ஒழுங்காக வேலை செய்தது. ஒரு நாள் இரவு போன் கேட்டபடி மென்பொருளைப் புதுப்பித்திருக்கிறார். விடிந்து பார்த்தால் சிக்னல் இல்லை. மிளகு அறுவடை நடக்கின்ற காலம். மூன்று நாள் கொழும்புக்காரரால் அவரைப் பிடிக்க முடியவில்லை. அந்த லொறிச் சரக்கை வேறு ஒருவரிடம் எடுத்துவிட்டார்கள்.

அவர் கடைக்கு வந்து சத்தம் போடவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு, "முதலாளி, பூட்டு இருக்கென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பட்டன் போன் ஒன்றாவது கூட வைத்திருப்பேனே" என்றார். அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவருடைய காசைத் திருப்பிக் கொடுத்தேன். விற்றிருந்த மற்ற நான்கு பேரையும் தேடி விடயத்தைச் சொன்னேன். இருவர் திருப்பித் தந்தார்கள். இருவர் விலையில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டு வைத்துக்கொண்டார்கள். அந்த ஆறு போனில் நான் இலாபம் காணவில்லை. ஆனால் பாடம் படித்தேன்.

பூட்டு எதற்காக?

வெளிநாடுகளில் போன் கம்பனிகள் போனைக் கழிவு விலையிலோ தவணை முறையிலோ கொடுக்கின்றன. 2008 இல் அமெரிக்காவில் ஐபோன் 3ஜீ 199 டொலருக்கு விற்கப்பட்டது. உண்மை விலை அதுவல்ல. ஏடீ அன்ட் டீ நிறுவனத்துடன் இரண்டு வருட ஒப்பந்தம் போட்டால்தான் அந்த விலை. கழிவாகக் கொடுத்ததை மாதாந்தக் கட்டணத்தில் கம்பனி திருப்பி எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் இடையில் வேறு கம்பனிக்கு ஓடிவிடாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு. வேறு கம்பனியின் சிம்மைப் போட்டால் போன் ஏற்காது.

இது அந்த நாட்டுக்காரனுக்கு நியாயமான கொடுக்கல் வாங்கல்தான். அவன் கழிவைப் பெற்றான், பூட்டை ஏற்றுக்கொண்டான். ஆனால் அதே போன் கைமாறி மாத்தளை பிரதான வீதிக்கு வரும்போது என்ன நடக்கிறது? எங்கள் நாட்டில் பெரும்பாலானோர் முற்கொடுப்பனவு சிம் பாவிப்பவர்கள். போனுக்கு முழுக் காசையும் கையில் கொடுத்து வாங்குகிறோம். கழிவு அங்கேயே முடிந்துவிட்டது, பூட்டு மட்டும் கப்பலேறி வந்திருக்கின்றது. சில வேளை முதல் ஆள் தவணைக் காசைக் கட்டாமல் விற்ற போனும் வந்து சேருகின்றது. அந்தப் போனின் பூட்டைத் திறந்து தரும்படி கேட்டால் அந்தக் கம்பனி திறந்து தராது.

சிப் என்பது சிம்மின் மேல் ஒட்டுகின்ற மெல்லிய தகடு. ஆர்-சிம் என்றும் சொல்வார்கள். அது பூட்டைத் திறப்பதில்லை, போனை ஏமாற்றுகிறது. அப்பிள் நிறுவனம் அடுத்த மென்பொருளில் அந்த ஓட்டையை அடைத்தால் போன் மீண்டும் பூட்டிக்கொள்ளும். எனவே கம்பனி முறையாகத் திறந்த போனும் சிப் போட்ட போனும் ஒன்றல்ல. இரண்டையும் "அன்லொக்" என்ற ஒரே சொல்லில் விற்பதுதான் எமது கடைகளில் நடக்கின்ற பெரிய பிழை.

பல நாடுகள் இந்தப் பூட்டையே ஒழித்துவிட்டன. கனடாவில் 2017 டிசெம்பரிலிருந்து பூட்டிய போன் விற்க முடியாது. ஜப்பானில் 2021 ஒக்டோபரிலும், பிரித்தானியாவில் 2021 டிசெம்பரிலும் தடை வந்தது. ஆகவே அந்த நாடுகளின் பழைய போன்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்கப் போன் என்றால் பழையதோ புதியதோ, கேட்டே ஆக வேண்டும்.

ஒரே பெயர், வேறு வேறு போன்

பூட்டு இல்லாவிட்டாலும் விடயம் முடிவதில்லை. ஒரே பெயரில் வருகின்ற போன் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. 2011 இல் அமெரிக்காவின் வெரைசன் நிறுவனத்துக்கென்று வந்த ஐபோன் 4 இல் சிம் போடுகின்ற இடமே இருக்கவில்லை. இங்கே அது வெறும் கண்ணாடித் துண்டுதான்.

இன்றும் அந்த நிலை வேறு உருவில் திரும்பியிருக்கின்றது. 2022 இல் வந்த ஐபோன் 14 இலிருந்து அமெரிக்கப் போன்களில் சிம் தட்டு கிடையாது, ஈ-சிம் மட்டும்தான். 2025 இல் வந்த ஐபோன் 17 இல் சவூதி, அமீரகம், கட்டார், குவைத், ஓமான், பஹ்ரைன் நாடுகளிலும் அப்படியே ஆகிவிட்டது. எமது பிள்ளைகள் மத்திய கிழக்கிலிருந்து வாங்கி வருகின்ற போன்கள் இவைதானே. ஈ-சிம் எங்கள் நாட்டிலும் கிடைக்கின்றது. ஆனால் பற்றரி இறங்கினால் சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டுக்கொண்டு வியாபாரத்தைப் பார்ப்பது முடியாது. தம்புள்ளைச் சந்தையில் அதிகாலை மூன்று மணிக்கு நிற்கின்ற மரக்கறி வியாபாரிக்கு இது சிறிய விடயமா? மாறாக, ஹொங்கொங்குக்கும் சீனாவுக்கும் என்று செய்கின்ற பல ஐபோன்களில் இரண்டு சிம்மைப் போடலாம். பெயர் ஒன்றுதான், வசதி வேறு.

ஜப்பான் ஐபோனில் படம் எடுக்கும்போது வருகின்ற சத்தத்தை நிறுத்த முடிவதில்லை என்று வாடிக்கையாளர்கள் முறையிடுவார்கள். அது பழுதல்ல, அந்த நாட்டு வழக்கப்படி வைத்தது. அமீரகத்துக்கென்று விற்ற ஐபோன்களில் பல ஆண்டுகளாக ஃபேஸ்டைம் இருக்கவில்லை.

சம்சுங்கிலும் இதே கதைதான். 2020 இல் வந்த எஸ் 20 அமெரிக்காவுக்கும் கொரியாவுக்கும் ஒரு புரொசஸருடனும், ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் வேறொரு புரொசஸருடனும் வந்தது. மாடல் இலக்கத்தின் கடைசி எழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். யூ என்றால் அமெரிக்கக் கம்பனிகளுக்கானது, யூ 1 என்றால் அமெரிக்காவில் பூட்டின்றி விற்றது, என் என்றால் கொரியா, பீ என்றால் பொதுவாக ஐரோப்பா உட்பட்ட சர்வதேசப் பதிப்பு. ஐபோனில் மாடல் இலக்கத்தின் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள எழுத்து நாட்டைச் சொல்லும். எல்.எல் என்றால் அமெரிக்கா, ஜே என்றால் ஜப்பான், பீ என்றால் பிரித்தானியா. முதல் எழுத்து எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் கம்பனி திருத்தி விற்றது, என் என்றால் பழுதுக்குப் பதிலாகக் கொடுத்தது.

சீனச் சந்தைக்கு வருகின்ற சியாவ்மி போன்களில் சிலர் தாங்களாகவே சர்வதேச மென்பொருளை ஏற்றி விற்கிறார்கள். பெட்டியில் ஒன்று, போனுக்குள் வேறொன்று. புதுப்பித்தவுடன் போன் எழும்பாமல் போன சம்பவங்கள் பல உண்டு.

பதிவு என்பது வேறு விடயம்

பூட்டு இல்லை என்பதும், நாட்டில் பதிவானது என்பதும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். இவை இரண்டும் வேறு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியுடன் வந்த போனா என்பதை யாரும் அறியலாம். *#06# அழுத்தினால் பதினைந்து இலக்க ஐ.எம்.ஈ.ஐ எண் வரும். குறுஞ்செய்தியில் ஐ.எம்.ஈ.ஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு அந்த இலக்கத்தை 1909 க்கு அனுப்பினால் பதில் வந்துவிடும். பதிவில்லாத புதிய போன்களை வலையமைப்பில் சேர்ப்பதில்லை என்று ஆணைக்குழு 2025 ஜனவரியில் அறிவித்தது. இனிமேல் இது விளையாட்டுக் காரியமல்ல.

வெளியிலிருந்து பையில் வருகின்ற போனுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்பதும் தெரிந்ததே. 2022 நெருக்கடியில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 2024 ஜனவரி 1 முதல் வாட் வரி 18 வீதமாகி, போன்களும் அதற்குள் வந்தன. வரி கட்டி முறையாக இறக்குமதி செய்பவர் ஒரு விலை சொல்கிறார், பையில் கொண்டு வருபவர் வேறு விலை சொல்கிறார். சாதாரண மனிதன் குறைந்த விலைக்குத்தான் போவான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எதற்காக விலை குறைவு என்பதை அவனுக்குச் சொல்வது எங்கள் கடமை.

"சொன்னால் வியாபாரம் போய்விடும்"

இதைச் சொன்னால் சில சகோதரர்கள் என்னிடம் கேட்கிறார்கள்: "நானா, நாங்கள் குறையைச் சொன்னால் வாடிக்கையாளர் சொல்லாத கடைக்குத்தானே போவார்?" நியாயமான கேள்வி. சில பேர் போகத்தான் செய்வார்கள். எனது கடையிலிருந்தும் போயிருக்கிறார்கள். ஆனால் பூட்டிய போனை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கும் ஆள் உண்டு. 2020 இல் பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்த காலத்தில் வைஃபையில் மட்டும் பாவிக்க மலிவான போன் தேடியவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குச் சிம் வேலை செய்யாவிட்டால் என்ன? பூட்டைச் சொல்லி, பூட்டுக்குரிய விலையில் விற்றால் இருவருக்கும் நட்டமில்லை. பூட்டிய போனைத் திறந்த போனின் விலைக்கு, வாய் திறக்காமல் விற்பதுதான் பிழை.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் எம்மவர் எல்லோருக்கும் தெரியும். மேலே காய்ந்தது, அடியில் நனைந்தது. நனைந்ததை ஏன் மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லை என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட கேள்வி. நனைந்த தானியத்தை விற்றதல்ல, மறைத்ததே குற்றம். போனுக்கும் அதே அளவுகோல்தான். நாட்டுச் சட்டமும் அப்படியே. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கின்றது. 1977 க்கு ஒரு அழைப்பு எடுத்தால் முறைப்பாடு போய்விடும்.

ஆகவே எமது நகரில் போன் விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பற்றுச்சீட்டில் ஐந்து வரி எழுதுங்கள். எந்த நாட்டுப் பதிப்பு, பூட்டு உண்டா இல்லையா, சிப்பா, ஐ.எம்.ஈ.ஐ இலக்கம்; ஆணைக்குழுவில் பதிவு உண்டா; உத்தரவாதம் யாருடையது, எத்தனை நாள். எழுத ஒரு நிமிடம் போகாது. எமது கடையில் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இப்படித்தான் எழுதுகிறோம். சண்டை குறைந்திருக்கின்றது, திருப்பி வருகின்ற போனும் குறைந்திருக்கின்றது.

வாங்குபவர்களுக்கும் சொல்கிறேன். காசு கொடுக்கு முன் இரண்டு வெவ்வேறு கம்பனிகளின் சிம்மைப் போட்டு, போனை ஒரு முறை அணைத்துத் திறந்து, பேசிப் பாருங்கள். சிம் தட்டை இழுத்து, அதில் தகடு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனில் "எபவுட்" பக்கத்தில் "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" என்று இருந்தால் அந்நேரம் பூட்டு இல்லை என்று அர்த்தம். பற்றுச்சீட்டு தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

அந்த இரத்தோட்டைத் தம்பி இப்போதும் எமது கடைக்கு வருகிறார். சென்ற வருடம் தன் தங்கைக்குப் போன் வாங்க வந்தபோது, நாங்கள் சொல்லுமுன்பே தன் பையிலிருந்து இரண்டு சிம்மை எடுத்து மேசையில் வைத்தார். எல்லா வாடிக்கையாளரும் இப்படி வர வேண்டும். அப்படி வருபவரைக் கண்டு எந்தக் கடைக்காரரும் முகம் சுளிக்காமலும் இருக்க வேண்டும்.