தானானதும் தானுகந்ததும் தமருகந்ததும்

சென்ற மாதம் வகுப்பு முடிந்து புறப்படும் வேளையில் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் சிறு பொருளொன்றை நம் மேசைமேல் வைத்தார். ஒளி ஊடுருவும் பச்சை நெகிழியுறை, தீப்பெட்டியளவே இருக்கும். "ஐயா, இது ஒரிஜினலா டூப்ளிகேட்டானு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார். நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம்பாய் அட்வான்ஸ் என்னும் கையடக்கக் கருவிக்காக 2004-இல் ஜப்பானிலும் 2005-இல் அமெரிக்காவிலும் வெளியான 'போக்கிமான் எமரால்டு' விளையாட்டின் கேசட் அது. அறிந்தோர் கார்ட்ரிட்ஜ் என்பர். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது என்றும் கேசட்தான். பகுதிநேர வேலையில் சேர்த்த ஆறாயிரம் ரூபாயை இணைய வியாபாரி ஒருவரிடம் கொடுத்து வாங்கியிருக்கிறார். 'திறக்கப்படாதது, கைபடாதது' என்பது வியாபாரியின் வாக்குறுதி.

இதைத் தமிழாசிரியரிடம் கேட்பானேன் என்று வாசகர்கள் வியக்கக்கூடும். அதற்கு முந்திய வாரந்தான் சுவடிப் பதிப்பைப் பற்றி நடத்தியிருந்தோம். எது மூலபாடம், எது பிற்சேர்க்கை, ஏடெழுதுவோரின் கைப்பிழை எது என்று பிரித்தறியும் முறைகளைச் சொல்லியிருந்தோம். மாணவர் அதை நேராகத் தம் சட்டைப்பையிலிருந்த பொருளுக்குப் பொருத்திவிட்டார். ஆசிரியனுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் குற்றச்செயல் வேறில்லை.

நாமும் நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். இவ்விளையாட்டின் போலிகள் உலகெங்கும் மலிந்துள்ளன. உண்மையான கேசட்டின் அடியில், தொடுமுனைகளுக்குச் சற்று மேலே, மின்பலகையின் விளிம்பில் நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருக்கும். மேலொட்டிய தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் எண் ஒன்று மெலிதாக அழுந்தியிருப்பது தெரியும். உறையை மூடியிருப்பது சாதாரணத் திருகன்று, மூன்றிதழ் வாயுடைய தனித்திருகு. உள்ளே ஒரு மின்கலம் உண்டு. அது விளையாட்டினுள் ஓடும் கடிகாரத்துக்கு மட்டுமே உரியது. ஆட்டத்தைச் சேமிக்கும் வேலை வேறொரு சில்லுக்குரியது. போலிகள் பலவற்றிலோ சேமிப்பே மின்கலத்தை நம்பி நிற்கும். அது தீர்ந்தால் ஆடியதெல்லாம் அழியும்.

இவற்றுள் நமக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்று உண்டு. இருபதாண்டு கடந்த உண்மையான எமரால்டு, தன் மின்கலம் வற்றிவிட்டதென்றும் ஆட்டம் தொடரலாமென்றும் கடிகாரத்தைச் சார்ந்த நிகழ்ச்சிகள் மட்டும் இனி நடவா என்றும் தொடங்கும்போதே சொல்லிவிடும். தன் முதுமையை ஒப்புக்கொள்வதே அதன் நேர்மைக்கு அடையாளம். மாணவருடைய கேசட் அப்படி எதையும் சொல்லவில்லை. விளிம்பெழுத்தும் தாளெண்ணும் சரியாக இருந்தபோதிலும், இம்மௌனத்தை வைத்து 'போலிதான்' என்று தீர்ப்புக் கூறி அனுப்பிவிட்டோம்.

மறுவாரம் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். ரிச்சி தெருவில் மூன்றிதழ்த் திருப்புளி வாங்கி, வீட்டில் உறையைத் திறந்திருக்கிறார். அவருடைய தாயார் நம் நெடுஞ்சாலையோர மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பல்லாண்டு மின்பலகை சரிபார்க்கும் பணியில் இருந்தவர். அடுக்களையிலிருந்து வந்து மகனின் தோளுக்கு மேலாக ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "போர்டு நல்ல போர்டுடா. எல்லாம் மிஷின்ல ஒண்ணாப் போனது. பேட்டரி மட்டும் யாரோ அப்புறமா கையால வச்சிருக்காங்க, பாரு, காலைச் சுத்தி ஃபிளக்ஸ் துடைக்காம விட்டிருக்கான்." மாணவர் மின்கலத்தின் கால்களை உற்றுப் பார்த்தார். பழுப்பேறிய பிசின் படலம் அங்கே இருந்தது. சில்லுகளின் கால்களிலோ ஈயம் ஒரே அளவாக, ஒரே சாய்வாகப் படிந்திருந்தது.

ஆக, பொருள் உண்மையானது. பொய்யானது 'கைபடாதது' என்ற வாக்கு. நம் தீர்ப்போ முற்றிலும் பிழை. யாரோ நல்ல கைக்காரர் தீர்ந்த மின்கலத்தை மாற்றியதால்தான் அது மௌனம் காத்தது. இந்தச் சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஒரு பொருளின் உண்மைத்தன்மையை அறிவது வேறு, அதன் விலையை அறிவது வேறு. சேகரிப்புச் சந்தை இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது. 2021 ஜூலையில் அமெரிக்க ஏலமொன்றில் உறை பிரிக்கப்படாத 'சூப்பர் மாரியோ 64' கேசட் ஒன்று பதினைந்து லட்சத்து அறுபதாயிரம் டாலருக்கு விலைபோயிற்று. உலகில் ஒரு கோடிக்கு மேல் விற்ற விளையாட்டு அது, அரிதன்று. அரிதாக இருந்தது அதன் கன்னிமை ஒன்றே. தரமிடும் நிறுவனம் ஒன்று கண்ணாடிபோன்ற பெட்டிக்குள் அதை அடைத்து எண் கொடுத்தது. அந்த எண்ணுக்கே விலை. அவ்வாண்டிலேயே, தரமிடுவோரும் ஏலமிடுவோரும் சேர்ந்து விலையை ஊதிப் பெருக்கினர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, அவர்கள் மறுத்தனர். உண்மை எதுவாயினும், விளையாடுவதற்கென்று செய்த பொருள் விளையாடப்படாமலிருப்பதே அதன் பெருமை என்னும் நிலை நமக்கு உடன்பாடன்று. படிக்கப்படாத ஏடே சிறந்த ஏடு என்று சொல்வாருண்டோ?

இதற்கு மாறான ஒன்றையும் சொல்லவேண்டும். 1990-இல் நிண்டெண்டோ நடத்திய உலகப் போட்டிக்கென்று தனிக் கேசட்டுகள் செய்யப்பட்டன. போட்டியாளர்க்குச் சாம்பல் நிறத்தில் 90, இதழ்ப் போட்டியில் வென்றோர்க்குப் பொன்னிறத்தில் 26. இவற்றுட் சில கீறலோடும் கிழிந்த தாளோடும் இருந்தும் பெருவிலை பெறுகின்றன. எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது என்னும் வரலாறு அவற்றுக்கு இருப்பதே காரணம். வழிவந்த வரலாறு என்பது பதிப்பாசிரியருக்கும் சேகரிப்பாளருக்கும் பொதுவான சொத்து.

இனி நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர் உடையவர் அவதரித்த தலம். இராமாநுசருடைய திருமேனிகள் மூன்றை வைணவ மரபு சிறப்பித்துச் சொல்லும். திருவரங்கத்தில் உள்ளது தானான திருமேனி. ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ளது அவரே உகந்து தழுவிய தானுகந்த திருமேனி. மேல்கோட்டையில் உள்ளது அடியார்கள் உகந்த தமருகந்த திருமேனி. மூன்றும் ஒன்றல்ல, ஆயினும் எதுவும் போலியன்று. எது எவ்வழி வந்தது என்று மரபு தெளிவாகச் சொல்லிவைத்திருக்கிறது, அவ்வளவே. தெய்வ விஷயத்தை விளையாட்டுப் பொருளோடு ஒப்பிடுவதன்று நம் நோக்கம். பகுத்தறியும் முறையை மட்டும் கடன் கேட்கிறோம்.

இந்தியாவில் கேசட் விளையாட்டின் வரலாற்றை இம்மூன்று சொற்களால் விளங்கிக்கொள்ளலாம். 1983-இல் ஜப்பானில் ஃபாமிகாம் என்றும் 1985 முதல் அமெரிக்காவில் என்.இ.எஸ். என்றும் நிண்டெண்டோ விற்ற கருவி தானானது. மின்னணுப் பொருள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு மிகுந்திருந்த நாட்டில், உரிமம் பெற்று 'சாமுராய்' என்ற பெயரில் இங்கே விற்பனைக்கு வந்தது தானுகந்தது. 'லிட்டில் மாஸ்டர்' போன்ற பெயர்களில் பர்மா பஜாரிலிருந்து சிற்றூர்க் கடைவரை வந்து குவிந்த நகல்கள் தமருகந்தவை. அவற்றோடு வந்த மஞ்சள் கேசட்டின் மேல் 'ஒன்றில் 9999' என்று எழுதியிருக்கும். பட்டியலில் சில ஆட்டங்களே பெயர் மாறியும் படிநிலை மாறியும் திரும்பத் திரும்ப வரும். உள்ளே திறந்தால் கால்முளைத்த சில்லுகள் இரா. பலகைமேல் கறுப்புப் பிசின் சொட்டு ஒன்று உறைந்திருக்கும். வாத்துச் சுட்டதும் மாரியோவைத் தாவவிட்டதும் நம் தலைமுறை அந்தக் கறுப்புச் சொட்டின் தயவால்தான்.

அதற்கு உலகச் சந்தையில் விலை இல்லை. ஆயின் அது போலியா? ஏடெழுதும் மரபில் படியெடுத்தல் குற்றமாகக் கருதப்பட்டதில்லை. படி இல்லையேல் நூலே இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர்முன் இருந்தவை யாவும் படிகளே. திருத்தக்கதேவர் கைப்பட எழுதிய ஏடு அவற்றுள் இல்லை. படியைப் படி என்று சொல்லும்வரை அங்கே வஞ்சனையில்லை. நேற்று செய்த படியை மூல ஏடு என்று சொல்லி விற்பவனே குற்றவாளி. (உரிமையாளர்க்குரிய பொருளை நகலெடுத்து விற்பது சட்டப்படி குற்றம் என்பது வேறு வழக்கு, அதை நாம் மறுக்கவில்லை.) எனவே 'இது ஒரிஜினலா?' என்பதைக் காட்டிலும் 'இது தன்னை எதுவாகச் சொல்லிக்கொள்கிறது, அச்சொல் மெய்யா?' என்பதே சரியான கேள்வி.

மின்கலம் மாற்றிய கேசட்டுக்கும் இவ்விடை பொருந்தும். குடமுழுக்குக்கு முன் திருப்பணி செய்த கோயிலை எவரும் போலிக் கோயில் என்பதில்லை. யார், எப்போது திருப்பணி செய்தார் என்று கல்லில் வெட்டிவைப்பதும் உண்டு. பழுதுபார்த்தலை மறைத்தலே பழி. அதைச் சொல்லி விற்றால் அது கேசட்டின் வரலாற்றில் ஒரு வரி.

செய்த இடமும் விலையாகும் என்பதற்கு நம் தொழிற்சாலைத் தடத்தோடு உறவுடைய சான்று ஒன்று உண்டு. நோக்கியா 1100 என்னும் எளிய கைபேசி 2003-இல் வெளிவந்து உலகெங்கும் 25 கோடிக்குமேல் விற்றது. 2009-இல், ஜெர்மனியின் போகும் நகரில் செய்யப்பட்ட 1100-க்கு மட்டும் குற்றக்கும்பல்கள் 25,000 யூரோ வரை தருவதாகப் புலனாய்வு நிறுவனம் ஒன்று கூறியது. அதன் மென்பொருட் குறையொன்றைக் கொண்டு வங்கிக் குறுஞ்செய்திகளைக் களவாடலாம் என்ற நம்பிக்கை காரணமாம். அத்தகைய குறை எதையும் தாம் அறியோம் என்றது நோக்கியா. மின்கலத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் ஊர்ப்பெயர் ஒன்று மாறினால் விலை விண்ணுக்கு ஏறுகிறது! ஸ்ரீபெரும்புதூரிலும் அந்நிறுவனத்தின் ஆலை 2006 முதல் 2014 நவம்பர் 1 வரை இயங்கியது. ஆயிரக்கணக்கானோர், அவருட் பெரும்பகுதியினர் இளம்பெண்கள், அங்கே கோடிக்கணக்கான கைபேசிகளைச் செய்தனர். அவற்றின் தாளில் 'இந்தியாவில் செய்தது' என்றிருக்கும். அந்த வரிக்கு இன்றுவரை எவரும் விலை சொன்னதில்லை.

நாம் சொல்லவருவது இதுதான். இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை நீளும் இத்தடத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் கைபேசிகளும் நாள்தோறும் பிறக்கின்றன. பொருள் வெளியேறுகிறது, அதைச் செய்த கண்ணும் கையும் இங்கேயே தங்கி, ஆலை மாறும்போது அடுக்களைக்குத் திரும்புகின்றன. சான்றிதழ் விற்கும் நிறுவனங்கள் பெட்டிக்குள் அடைத்து எண்ணிடும் பொருளை, அந்தத் தாயார் ஒரு நொடியில் படித்துவிட்டார். ஈயத்தின் சாய்வு அவருக்கு எழுத்து. ஏட்டின் கையெழுத்தை நாம் வாசிப்பதுபோல அவர் பலகையின் கையெழுத்தை வாசிக்கிறார். பல்லாண்டுப் பணியில் வந்த அப்புலமைக்குப் பட்டமும் இல்லை, பதிவும் இல்லை.

இத்தடத்துக் கல்லூரிகளேனும் இதைச் செய்யலாம். இங்கே செய்யப்பட்ட பொருள்களில் வகைக்கு ஒன்று, கீறலோடும் பழுதோடும், சேர்த்துவைக்கலாம். செய்தவர்களை அழைத்து, எது நல்ல பலகை, எது கெட்ட பலகை என்று அவர்கள் எப்படி அறிந்தார்கள் எனக் கேட்டு, அவர்தம் சொற்களிலேயே எழுதிவைக்கலாம். ஐம்பதாண்டு கழித்து ஒருவன் பழைய கைபேசி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு 'இது மெய்யா?' என்று கேட்கும்போது விடை சொல்ல அதைவிட நம்பத்தகுந்த உரைநூல் கிடையாது.

மாணவர் அந்தக் கேசட்டைத் திருப்பியனுப்பவில்லை. வியாபாரியிடம் உண்மையைச் சொல்லி ஆயிரம் ரூபாய் திரும்பப் பெற்றாராம். உறைக்குள் ஒரு சிறு தாளை மடித்துவைத்து மூடியிருப்பதாகச் சொன்னார். என்ன எழுதினீர் என்று கேட்டோம். 'மின்கலம் மாற்றப்பட்டுள்ளது. கண்டுபிடித்தவர் அம்மா' என்று எழுதி, தேதியிட்டிருக்கிறாராம்.