கறுத்த திரையும் ஒரு பரிசோதனைதான்

அண்மையில் நான்காம் படிவ மாணவன் ஒருவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடி வந்தான். "டீச்சர், செத்துப்போச்சு!" என்றான். அண்ணன் கொடுத்த பழைய கணினி அது. விண்டோஸ் மிகவும் மெதுவாக ஓடியதால் லினக்ஸ் மின்ட் போட்டிருந்தான். மூடித் திறந்தால் திரை கறுப்பாகவே நிற்கிறது. ஒவ்வொரு முறையும் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கிறான். அதில் ஒருமுறை, சேமிக்காத அறிவியல் அறிக்கை முழுவதும் போய்விட்டது. "வேறு வாங்கிக்கொள்" என்றாராம் கடைக்காரர்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. கணினி சாகவில்லை. நம்மிடம்தான் முறையான சோதனை இல்லை.

முதலில் நடப்பதைப் புரிந்துகொள்வோம். பல மடிக்கணினிகளின் மூடியில் சிறு காந்தம் உண்டு. அதை உணர்வது, 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவில் இயங்கும் உணரி. மூடியதும் கணினி உறங்குகிறது. ரேம் நினைவகம் மட்டும் சிறிதளவு மின்சாரம் பெற்று, நம் வேலையைக் காத்து வைத்திருக்கிறது. திறந்ததும் ஒவ்வொரு பாகத்தையும் வரிசையாக எழுப்ப வேண்டும். வரைகலைச் சில்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, திரையின் பின்விளக்கை ஏற்றுவது டிரைவர் மென்பொருளின் வேலை. அந்தப் படி தவறினால், கணினி விழித்திருக்கும். திரை மட்டும் இருண்டிருக்கும். பல மடிக்கணினிகள் விண்டோசை மனத்தில் வைத்தே தயாரிக்கப்படுவதால், லினக்சில் இந்தச் சிக்கல் எட்டிப் பார்க்கிறது.

எனவே பொத்தானை அழுத்துமுன் சோதியுங்கள். கேப்ஸ் லாக் விசையைத் தட்டினால் அதன் விளக்கு மாறுகிறதா? மாறினால் கணினி விழித்திருக்கிறது. திரைமேல் கைவிளக்கைச் சாய்த்து அடித்தால் படம் மங்கலாகத் தெரிகிறதா? தெரிந்தால் பின்விளக்கில்தான் கோளாறு. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வருகிறதா? வந்தால் அங்கிருந்தே கணினியை முறையாக மூடலாம்.

தமிழ்ப்பள்ளியில் படித்த மாறிகள் நினைவிருக்கிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அந்த மாணவனின் கணினியில் கேப்ஸ் லாக் விளக்கு எரிந்தது. கைவிளக்கில் படமும் தெரிந்தது. "எப்போதிருந்து இப்படி?" என்று கேட்டேன். மென்பொருளைப் புதுப்பித்த பிறகு என்றான். அதுவே எங்கள் கருதுகோள். தொடக்கப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தோம், வேறெதையும் தொடவில்லை. மூடித் திறந்தோம், திரை ஒளிர்ந்தது. இன்னும் நான்கு முறை செய்து பார்த்து, குறித்துக்கொண்டான்.

"இது பாடத்திட்டத்தில் இல்லையே" என்பார்கள் சிலர். கருதுகோளும் மாறியும் பாடத்திட்டத்தில் இல்லையா? அவற்றைத் தேர்வுத்தாளில் மட்டும் எழுதிவிட்டு, கையிலிருக்கும் பொருள் பழுதானால் குப்பையில் போடுவது என்ன அறிவியல்? இரண்டு மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் புதிய மடிக்கணினி சின்னச் செலவல்ல.

1991இல் லினக்சைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது 21 வயது மாணவர். அதை இன்றுவரை வளர்ப்பதில் பயனர்கள் அனுப்பும் பிழைக் குறிப்புகளுக்கும் பங்குண்டு. உங்கள் குறிப்பும் அதில் சேரலாம்.

அதுவரை ஒன்று: மூடியைச் சாத்துமுன் வேலையைச் சேமித்துவிடுங்கள்.