மாட்டுக்குப் பல் பார்க்கிறோம், வண்டிக்கு?

மாடு வாங்கப் போனா பல்லைப் பிடிச்சுப் பார்ப்போம், நடக்க விட்டுப் பார்ப்போம். எட்டு லட்சம் போட்டு பழைய எஸ்.யு.வி. வாங்குற பட்டணத்துக்காரர் பாலிஷைப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுத்துடுறார். கேட்டா, "டாக்டர் ஓட்டின வண்டி"ங்கறார்.

எங்க மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில 2022-ல கார் உற்பத்தி நின்னுபோச்சு. அங்கே செஞ்ச எகோஸ்போர்ட், எண்டேவர் வேணும்னா பழசுதான். 2015 டிசம்பர் வெள்ளத்திலயும், 2023 மிக்ஜாம் புயல்லயும் சென்னையில முழுகின வண்டியெல்லாம் காயலான் கடைக்கா போச்சு?

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்க. அடியில சேத்துக்கறை இருந்தா கிளம்பிடுங்க. ஸ்டெப்னி குழியையும், தரை விரிப்பைத் தூக்கியும் பாருங்க. மகாபலிபுரம் பக்கம் ஓடினதுன்னா உப்புக்காத்து, கீழே படுத்துத் துருவைப் பார்க்கணும். வேட்டி அழுக்கானா ஆகட்டும்.

போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, உங்களுக்காக முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கான். ஆறின பிறகு நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. நீலப்புகை வந்துக்கிட்டே இருந்தா எஞ்சின் ஆயில் எரியுதுன்னு அர்த்தம்.

மெக்கானிக்கைக் கூட்டிப் போனா விக்கிறவர் தப்பா நினைப்பாராமே! பல்லைப் பார்த்ததுக்கு எந்த மாட்டுத் தரகனும் எங்ககிட்ட கோவிச்சதில்லை.